உலர்கண் நோயும் கூட்டுச் சொட்டு மருந்துச் சோதனையும்

துயருற்றபொழுது மாத்திரமே கண்ணீர் சுரக்கும் எனப் பலர் கருதுவர். அஃது உண்மையன்று. நாம் இமைக்குந்தோறும் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று விழிமேற் பரவி அதனைக் காக்கின்றது. அப்படலத்தில் எண்ணெய், நீர், சளிப்பசை என மூன்று கூறுகள் உள. எண்ணெய், நீர் விரைவில் ஆவியாகாவண்ணம் தடுக்கும். சளிப்பசை, நீரை விழியோடு பொருந்தச் செய்யும். இவற்றுள் ஒன்று குறையினும் விழி உலரும். மணல் விழுந்தாற்போல் உறுத்தும். பார்வையும் இடையிடையே மங்கும்.

கடற்காற்று எட்டும் அபிராமபுரத்தில் வாழ்வார்க்கு உலர்வு ஏது என வினவலாம். குளிரூட்டிய அறையில் அமர்ந்து கணினித் திரையை இமையாது நோக்குவார்க்கு ஊரின் ஈரக்காற்று உதவுவதில்லை. முதுமையும், மூட்டுவாதம் போன்ற நோய்களும், சில மருந்துகளுங்கூட இந்நோய்க்குக் காரணமாம்.

இதனை அளத்தற்கு ஜெர்மானிய மருத்துவராகிய ஷிர்மர் 1903-ஆம் ஆண்டில் ஓர் எளிய முறை கண்டார். வடிதாட் கீற்றொன்றைக் கீழிமையில் மாட்டி, 5 நிமிடத்தில் எத்துணைத் தூரம் நனைகின்றது எனப் பார்ப்பர். 5 மில்லிமீட்டருக்குக் குறையின் நீர்ச்சுரப்பு மிகக் குறைவு என்பது பொருள். மற்றொரு முறையில், கண்ணிற் சாயமிட்டு, இமையாதிருக்குங்கால் படலம் எத்தனை விநாடியிற் கிழிகின்றது என எண்ணுவர். 10 விநாடிக்குட் கிழியின் அது குறைபாடே.

நோய்க்குக் காரணம் பலவாதலின் மருந்தும் கூட்டாயிற்று. ஈரத்தைப் பிடித்து நிறுத்தும் கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸுடன் கிளிசரின் சேர்த்த சொட்டு மருந்து இதற்கோர் எடுத்துக்காட்டாம். ஆயின், கூட்டு நன்மை செய்ததெனின் அந்நன்மை எதனால் வந்தது? முதல் மருந்தால் மட்டுமோ? இரண்டாவதால் மட்டுமோ? அன்றி, மருந்தைக் கரைத்த வெறுந் திரவமே கண்ணை நனைத்து இதந்தந்ததோ? இவ்வையத்தை நீக்கவேண்டின் நோயாளரை நான்கு குழுவாகத் திருவுளச்சீட்டு முறையிற் பிரித்தல் வேண்டும். ஒரு குழுவிற்கு முதல் மருந்து, ஒன்றற்கு இரண்டாவது, ஒன்றற்குக் கூட்டு, எஞ்சியதற்கு வெறுந் திரவம். எவர்க்கு எது என்பதனை நோயாளரும் அறியலாகாது. அளக்கும் மருத்துவரும் அறியலாகாது. ஏனைய மூன்றையும் கூட்டு வென்றாலன்றி, அதன்கண் இரு மருந்துகளுக்கும் பங்குண்டு எனக் கோடல் இயலாது. எதனை அளப்போம் என்பதும் முன்னரே குறிக்கப்படல் வேண்டும். நம் நாட்டில் 2009 ஜூன் 15 முதல் மருத்துவச் சோதனைகளைத் தொடங்குமுன் பதிவுசெய்தல் கட்டாயமாயிற்று.

பயன் மட்டும் போதுமோ? போதாது. சென்னையை அடுத்த ஆலையொன்றிற் செய்யப்பெற்ற செயற்கைக் கண்ணீரோடு தொடர்புற்ற கிருமித்தொற்று 2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவைக் கலக்கிற்று. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அத்தொற்றுக்கு ஆளானோர் 81 பேர் எனக் கணக்கிட்டது, அவருள் 14 பேர் பார்வை இழந்தனர், நால்வர் மாண்டனர். 1819-ஆம் ஆண்டிலேயே கண் மருத்துவமனை கண்ட நகரம் நம்முடையது. இந்நகரின் அருகே செய்யப்பட்ட மருந்தாதலின் இச்செய்தி நம்மை மிகவும் வருத்துகின்றது. கண்ணில் இடும் துளி கிருமியற்றதாய் இருத்தல் வேண்டும் என்பது எல்லாச் சோதனைக்கும் முந்திய சோதனையாம்.

ஆதலின் நண்பர்காள், கண் உறுத்தினால் கடையிற் கிடைத்த மருந்தை நாமே வாங்கி இடாது மருத்துவரை நாடுவோமாக. குப்பியின் முனை கண்ணிற் படாது காப்போம்; குறித்த நாள் கடந்ததை எறிவோம். படிக்குங்கால் அடிக்கடி இமைத்தலையும் மறவாதிருப்போம், அதற்கு விலையில்லை.