டோனர் வெறும் கறுப்புப் பொடி அல்ல!

லேசர் பிரிண்டர் வைத்திருப்பவரா நீங்கள்? கார்ட்ரிட்ஜில் டோனர் நிரப்பும் முன் இதைப் படியுங்கள். ஒருமுறை நான் வேறு மாடலுக்கு உரிய தூளை வாங்கி நிரப்பினேன். எல்லாம் கறுப்புப் பொடிதானே என்ற நினைப்பு! என் மகளின் பள்ளி ப்ராஜெக்ட் 40 பக்கங்களும் சாம்பல் பூசியது போல வந்தன. ஏன் என்று பார்ப்போம்.

டோனர் என்பது பிளாஸ்டிக்கும் நிறமியும் கலந்த நுண்துகள்கள். ஒரு துகளின் குறுக்களவு சுமார் 5 முதல் 10 மைக்ரான். (1,000 மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர்.) ரவையைக் கொட்டினால் சரிந்து நெருக்கமாக அமரும், மைதா கட்டிகட்டும். துகள் சிறுக்கச் சிறுக்க, எடையை விட ஒட்டும் விசை மேலோங்குவதே காரணம். டோனர் மைதாவின் கட்சி. தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இதைக் குறைக்கத் துகள்களின் மேல் மிக நுண்ணிய சிலிக்கா சேர்க்கிறார்கள்.

அடுத்தது மின்னூட்டம். பல பிரிண்டர்களில் கார்ட்ரிட்ஜுக்குள் உரசும்போது டோனர் நெகட்டிவ் மின்னூட்டம் பெறுகிறது. ஒரே வகை மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? அதனால் துகள்கள் நெருங்கி அடையாமல், இடைவெளியுடன் தளர்வாகப் படிகின்றன.

டிரம்மிலும் நெகட்டிவ் மின்னூட்டமே இருக்கும். லேசர் ஒளி பட்ட இடத்தில் மட்டும் அது இறங்கிவிடும். அங்கே டோனர் ஒட்டும். மற்ற இடங்களில் தள்ளப்படும். பிறகு அது தாளுக்கு மாறி, சூட்டில் உருகிப் பதிகிறது. 1938-ல் நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் முதல் நகலை எடுத்ததும் மின்னூட்டத்தால் தூளை ஒட்டவைக்கும் இதே தத்துவத்தில்தான்.

டோனரில் மின்னூட்டம் குறைந்தால், தள்ளப்பட வேண்டிய இடத்திலும் அது படிந்துவிடும். என் தாள்கள் சாம்பலானது இப்படித்தான். மிகுந்தாலோ, தூள் உருளையை விட்டு எளிதில் வராது, எழுத்து மங்கும்.

எனவே:

* உங்கள் மாடலுக்கு உரிய தூளையே நிரப்புங்கள். பழைய தூளுடன் வேறு வகையைக் கலக்காதீர்கள்.
* நெடுநாள் வைத்திருந்த கார்ட்ரிட்ஜைக் கிடைமட்டமாகப் பிடித்து மெதுவாக அசையுங்கள். அடைந்த தூள் தளரும்.
* கையில் தூள் பட்டால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், தூள் இளகி ஒட்டிக்கொள்ளும்.

உரிய தூளை நிரப்பிய பிறகே என் பிரிண்டரில் வெள்ளைத் தாள் வெள்ளையாக வந்தது!