முதலில் நர்சம்மாவிடம் சொல்

கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

நாள் தள்ளிப் பத்து நாளாகிறது, வீட்டில் சோதித்ததில் இரண்டு கோடு வந்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நல்லா இரு கண்ணு. 'மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் யாருக்கும் சொல்ல வேண்டாம்' என்று உன் மாமியார் சொல்கிறார், அப்படியே இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். ஊரெல்லாம் போய் கர்ப்பிணிகளைப் பார்த்த வேலை என்னுடையது என்பதால், பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஊருக்குச் சொல்லாமல் இரு. அதில் நியாயம் இருக்கிறது. கரு கலைவதில் பெரும்பகுதி முதல் 12 வாரத்துக்குள்தான் நடக்கிறது. அப்படி ஏதாவது ஆகிவிட்டால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் பாடு வேண்டாம் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். ஆனால் நர்சம்மாவிடம் மறைக்காதே. ஊர் தெரிந்துகொள்ளாமல் இருக்கும் அந்த மூன்று மாதத்தில்தான் குழந்தையின் உறுப்புகள் உருவாகின்றன. உன் கிராம சுகாதார செவிலியருக்கு இந்த வாரமே தெரிய வேண்டும்.

ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன். கர்ப்பத்தின் வயதைக் கடைசியாக வீட்டுக்குத் தூரமான முதல் நாளிலிருந்து கணக்கிடுவோம். அப்படிப் பார்த்தால் நீ இப்போது ஆறாவது வாரத்தில் இருக்கிறாய். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் ஏறத்தாழ இந்த வாரத்துக்குள்ளேயே மூடிவிடும். அது சரியாக மூடாமல் போனால் குழந்தை முதுகுத்தண்டுக் குறையோடு பிறக்கும். அதைப் பெருமளவு தடுப்பது ஃபோலிக் அமிலம் என்கிற சின்ன மாத்திரை. ஏற்கெனவே அப்படிக் குழந்தை பெற்ற தாய்மார்களிடம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 1991இல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்தக் குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்க வேண்டிய மாத்திரை இது. நீ இன்றைக்குத் தொடங்கினாலும் பலன் உண்டு. சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள்.

இந்த மாத்திரையின் கதை உன்னைப் போன்ற ஆலைப் பெண்களிடமிருந்து தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்குக் கடுமையான ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. அது கிருமியால் வருவதல்ல, சாப்பாட்டில் இருக்கும் ஒரு குறையால் வருவது என்று அவர் கண்டுபிடித்தார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். 1929இல் சில மாதங்கள் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அவர் ஆராய்ச்சி செய்தார். ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அந்த ஆலைப் பெண்கள் பட்ட பாட்டில் கிடைத்த அறிவு இது. உங்கள் சோமனூரில் பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போகிற ஒரு பெண்கூட இதை இழக்கக் கூடாது.

முதல் தடவை போகும்போது என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் இருக்காது. உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உண்டா என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, எச்ஐவி, சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி ஆகியவற்றைச் சோதிப்பார்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 7க்குக் கீழே போனால் ஆபத்து. உன் ரத்த வகை நெகட்டிவ் என்றால் மாப்பிள்ளையின் வகையையும் கேட்பார்கள். அவர் பாசிட்டிவ் என்றால் உனக்கு ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஓ அதற்கு மேலோ வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதலில் சரியாக இருந்தாலும் ஆறாம் மாத வாக்கில் இதே சோதனையை மறுபடி செய்வார்கள். நான்காம் மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அதை டீயோடு போடாதே, சத்து உடம்பில் சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு நிறுத்திவிடவும் கூடாது.

நீங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். மாமன் மகன் என்பதை மறைக்காமல் சொல். வீட்டில் யாருக்காவது பிறவிக் குறை, காது கேளாமை, ரத்தக் கோளாறு உண்டா என்பதையும் சொல். நம் பக்கத்துப் பெண்கள் வெட்கப்பட்டு விட்டுவிடுவது இதைத்தான். மருத்துவருக்கு இது மிக முக்கியமான தகவல்.

இனி ஸ்கேன். அது எக்ஸ்ரே இல்லை; காதுக்குக் கேட்காத ஒலி அலை. உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஆலைகளில் வைத்திருந்த கருவியை, கிளாஸ்கோ மருத்துவர் இயான் டொனால்ட் மனித உடம்பைப் பார்க்கப் பயன்படுத்தினார். 1958இல் அவரும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இது மகப்பேறு மருத்துவத்தில் வேரூன்றியது.

உனக்கு முக்கியமான ஸ்கேன்கள் மூன்று. ஏழு, எட்டு வாரத்தில் முதலாவது. கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா, ஒன்றா இரட்டையா என்று அதில் தெரியும். குழந்தையின் நீளத்தை அளந்து பிரசவத் தேதியைக் குறிப்பார்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தத் தேதிதான் நம்பகமானது. பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதை வைத்தே. இரண்டாவது, 11 வாரம் முடிந்து 14 வாரம் நிறைவதற்குள். குழந்தையின் பிடரியில் உள்ள நீர்த் தடிப்பை அளப்பார்கள், கூடவே உன் ரத்தத்தையும் எடுப்பார்கள். நாள் கடந்தால் இந்த அளவை எடுக்க முடியாது. மூன்றாவது, 18 முதல் 20 வாரத்துக்குள், தலை முதல் கால்வரை ஒவ்வொரு உறுப்பாகப் பார்ப்பது.

இரண்டாவது சோதனையில்தான் குடும்பங்கள் கலங்கிப்போகின்றன, அதனால் இதை நிதானமாகப் படி. அது நோய் இருக்கிறது என்று சொல்லும் சோதனை அல்ல. டவுன் நோய்க்குறி போன்ற குரோமோசோம் மாற்றத்துக்கு வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குச் சொல்லும், அவ்வளவுதான். '250இல் 1' என்று தாளில் வந்தால், அதே கணக்கு வந்த 250 தாய்மாரில் 249 பேருக்கு அந்தக் குறை இல்லாத குழந்தை பிறக்கும் என்று பொருள். வாய்ப்பு கூடுதலாக வந்தால் அடுத்த படி உண்டு. தாயின் ரத்தத்திலிருந்தே கருவின் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் சோதனை இருக்கிறது. உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துச் சோதிப்பார்கள். செய்வதா வேண்டாமா என்பது உன் முடிவு. மாமியாரோ பக்கத்து வீட்டாரோ தாளைப் பார்த்துச் சொல்வதை வைத்து எதையும் தீர்மானிக்காதே. மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, புரியும்வரை கேள்.

ஸ்கேன் அறையில் 'என்ன குழந்தை' என்று நீயும் கேட்காதே, யாரையும் கேட்க விடாதே. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. பெண் சிசுக்களை இழந்த வலி தமிழ்நாட்டுக்கு உண்டு. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்ததை நினைத்துக்கொள். உன் வயிற்றில் இருப்பது யாராக இருந்தாலும் நம் வீட்டுப் பிள்ளை.

இவற்றில் எது வந்தாலும் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடாதே: ரத்தப்போக்கு, ஒரு பக்கமாக வரும் கடுமையான அடிவயிற்று வலி, மயக்கம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, காய்ச்சல். உடனே 108க்குக் கூப்பிடு. அக்கம்பக்கத்தில் சூலூர் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். செக்கிங்கில் மணிக்கணக்காக நிற்கிறாய். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது உங்களுக்கெல்லாம் பழக்கம். இனி அது கூடாது, சிறுநீர்த் தொற்று வரும். சூப்பர்வைசரிடம் சொல்லி உட்கார்ந்து செய்யும் வேலை கேள். ஈஎஸ்ஐ பிடித்தம் உண்டா என்று சம்பளச் சீட்டில் பார். இருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உன் உரிமை, கம்பெனி செய்யும் தயவு அல்ல.

நர்சம்மாவைப் பார்க்கப் போகும்போது ஆதார், வங்கிப் புத்தகம், கடைசியாகத் தூரமான தேதி மூன்றும் கையில் இருக்கட்டும். பிக்மி என்கிற அரசின் கர்ப்பிணிப் பதிவேட்டில் பதிந்து 12 இலக்க எண் தருவார்கள். பிறப்புச் சான்றிதழ்வரைக்கும் அந்த எண் வேண்டும். 12 வாரத்துக்குள் பதிந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் முழுப் பலனும் கிடைக்கும். ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து ரூ.18,000. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை மருத்துவரே நேரில் இலவசமாகப் பார்க்கும் நாள், அதையும் விடாதே.

உன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ. அவர் காலத்தில் இந்த வசதிகள் கிடைக்கவில்லை. நர்சம்மா சொல்வதைக் காதால் கேட்டால் அவரே அடுத்த தடவை உன்னை அழைத்துப் போவார். போய்விட்டு வந்து, உன் கர்ப்பிணி அட்டையில் என்ன எழுதினார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுது. புரியாதது எதுவாக இருந்தாலும் கேள், சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா