வீட்டில் கட்டிய விமானம்: கீல்கள் பத்திரம்

அமெரிக்காவில் ஆர்வலர்கள் தாமே கட்டும் ஆர்வி-7 விமானத்தில் எலிவேட்டரும் ரட்டரும் ராட் எண்ட் பேரிங்கிலும், ஃபிளாப்பும் டிரிம் டேபும் நீளக் கம்பி கோத்த பியானோ கீலிலும் அசைகின்றன. இந்தக் கீல்கள் தளர்ந்தால் வேகத்தில் அந்தப் பாகம் படபடத்து உடையக்கூடும்.

• பறக்கும் முன் ஒவ்வொரு பாகத்தையும் மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். புதிதாக ஆட்டமோ இறுக்கமோ தெரிந்தால், காரணம் அறியாமல் கிளம்பாதீர்கள்.

• கீலைச் சுற்றிக் கறுப்புப் பொடி படிந்தால் அலுமினியம் தேய்கிறது என்று பொருள்.

• பழைய அழுக்கைத் துடைத்த பிறகே மசகு இடுங்கள். எண்ணெயில் ஒட்டிய மணல் உப்புத்தாள்போலத் தேய்க்கும். எந்த மசகு என்பதற்குத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பாருங்கள்.

• பியானோ கீலின் கம்பி நழுவாதபடி பூட்டப்பட்டுள்ளதா, போல்ட்டுகளில் நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

• புதிதாகப் பெயிண்ட் அடித்தால் அசையும் பாகத்தின் எடைச் சமநிலை மாறும். மீண்டும் அளந்து சரிசெய்யுங்கள். கீலுக்குள் பெயிண்ட் இறங்க விடாதீர்கள்.

• வெளியே நிறுத்தும்போது, பாகங்களை அசையாமல் பிடிக்கும் கன்ட்ரோல் லாக் போடுங்கள். காற்றில் பாகங்கள் அடித்துக்கொண்டால் கீல்கள் சீக்கிரம் தளரும்.

• 12 மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயச் சோதனையில் டார்ச், பூதக்கண்ணாடி கொண்டு விரிசல் தேடுங்கள். தேய்ந்த கீலை ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள்.