இலையை வெட்டினால் வெயில் இறங்கும்: பருத்தியில் ஒரு மரபணுப் பாடம்

பொன்மலையிலிருந்து சென்னை ரோட்டில் பெரம்பலூர் பக்கம் போனால் மானாவாரிப் பருத்திக் காடுகளைப் பார்க்கலாம். பெரும்பாலும் அகன்ற இலைதான். ஆனால் பருத்தியில் வெண்டை இலை மாதிரி ஆழமா வெட்டுப்பட்ட இலையுள்ள ரகங்களும் உண்டு. அவற்றை 'ஓக்ரா இலை' ரகம் என்பார்கள். வெறும் அழகுக்கா அது? இல்லை.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேல் எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கிறதோ, அதுதான் இலைப்பரப்புக் குறியீடு. நாம் படித்த பியர்-லாம்பர்ட் விதி இங்கேயும் ஓடும். ஒளி குறையும் கெழு 0.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். குறியீடு 4 என்றால் தரைக்கு வரும் வெளிச்சம் சுமார் 9%. அதே 2.5 என்றால் 22%.

வெயிலும் காற்றும் உள்ளே போனால் ஈரம் சீக்கிரம் காயும், காய் அழுகல் குறையும். இந்த இலையில் வெள்ளை ஈயும் பொதுவாகக் குறைவு. அடிக்கிற மருந்து அடிக்கொம்பு வரை போய்ச் சேரும். இது சின்ன விஷயம் இல்லைங்க. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்து நஞ்சேறி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு தெளிப்பு குறைந்தாலும் லாபம்தான்.

இனி மரபியல். இந்த வடிவத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக ஒரே மரபணு. அகன்ற இலையையும் வெண்டை இலையையும் கலந்தால் முதல் தலைமுறை இரண்டுக்கும் நடுவாக நிற்கும். அடுத்த தலைமுறையில் 100 செடிக்கு ஏறக்குறைய 25:50:25. அந்த மரபணுவை இயக்கும் பகுதியில் 133 எழுத்துகள் இரட்டித்திருப்பதே காரணம் என்று 2017-ல் கண்டறிந்தார்கள். நாற்றுப் பருவத்திலேயே கண்ணால் பார்த்துப் பிரித்துவிடலாம். காய் வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அப்படியென்றால் எல்லாரும் இதையே ஏன் போடவில்லை? இலை குறைந்தால் ஒளிச்சேர்க்கைப் பரப்பும் குறையும். ஆரம்பத்தில் செடி மண்ணை மூடத் தாமதமாகும், களை முந்தும். சில இடங்களில் மகசூல் இறங்கும். ஆஸ்திரேலியாவில் 1980-களில் 'சியோக்ரா' ரகங்கள் நன்றாக ஓடின. அதற்காக நம்ம மானாவாரிக் கரிசலிலும் அப்படியே ஓடும் என்று சொல்ல முடியாது. நட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள்: காட்டுக்காரரிடம் கேட்டு ஒரு பருத்தி இலை, வீட்டிலிருந்து ஒரு வெண்டை இலை. இரண்டையும் கிராஃப் தாளில் வரைந்து, ஒரே நீள அகலக் கட்டத்துக்குள் எத்தனை சதவீதம் இலை, எத்தனை சதவீதம் இடைவெளி என்று எண்ணுங்கள்.