ஷிஃப்ட் முடிந்து வரும் வீட்டுக்கு எந்த டிவி?

ஓசூரில் டிவி வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பேசுவது எத்தனை இஞ்ச், என்ன விலை என்றுதான். அதற்கும் முன்னால் யோசிக்க வேண்டியது, வீட்டில் டிவி எந்த நேரத்தில் ஓடப்போகிறது என்பது. சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிற வீடுகளில் இது வாரத்துக்கு வாரம் மாறும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் பட்டப்பகலில், ஜன்னல் வெளிச்சம் ஹால் முழுக்க விழும்போது ஓடும். செகண்ட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர், பிள்ளைகள் தூங்கிய பிறகு லைட்டை அணைத்துவிட்டு ஒரு படம் பார்ப்பார். இரண்டுக்கும் ஒரே டிவி ஒரே மாதிரி ஒத்துவராது. பிளாஸ்மாவா எல்சிடியா என்று ஒரு காலத்தில் நடந்த வாதமே இதைப் பற்றியதுதான். இன்று ஓஎல்இடியா எல்இடியா என்று கேட்பவர்களும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

பிளாஸ்மா திரையில் ஒவ்வொரு புள்ளியும் நியான், செனான் வாயு அடைத்த ஒரு நுண்ணறை. மின்சாரம் பாய்ந்ததும் வாயு புற ஊதாக் கதிரை வெளியிடும். அது பட்டு அறையின் பாஸ்பர் பூச்சு ஒளிரும். கறுப்பு வேண்டிய இடத்தில் அறை ஏறக்குறைய அணைந்துவிடுவதால் கறுப்பு கறுப்பாகவே தெரியும். எல்சிடியில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிகிறது. முன்னால் உள்ள திரவப் படிகங்கள் ஜன்னல் கதவுபோலத் திறந்து மூடுகின்றன. மூடிய கதவின் இடுக்கிலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும், அதனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். பகலில் அது கண்ணுக்குப் படாது; பின்விளக்கின் பலத்தால் படமும் பளிச்சென்று நிற்கும். எல்இடி டிவி என்று கடைக்காரர் சொல்வது இந்த எல்சிடியைத்தான். டியூப் பின்விளக்குக்குப் பதில் எல்இடி வந்திருக்கிறது, அவ்வளவே. க்யூஎல்இடி, மினி எல்இடி எல்லாமும் எல்சிடியின் மெருகேறிய வடிவங்கள். ஓஎல்இடி மட்டுமே வேறு சாதி: பிளாஸ்மாவைப்போல ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே முழுதாக அணையும்.

பானசோனிக் 2013 இறுதியில் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் 2014-இல் விலகின. ஆக, இன்று கைக்குக் கிடைக்கிற எந்த பிளாஸ்மாவும் பத்து வயதைத் தாண்டியது. பெங்களூரு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், வீடு மாறுகிறவர்கள் கழித்துவிடும் பெரிய டிவிகள் செகண்ட் ஹேண்டாக அத்திப்பள்ளியைத் தாண்டி நம் பக்கம் வருவது புதிதல்ல. '50 இஞ்ச், சும்மா எடுத்துக்கோங்க' என்று யாராவது சொன்னால் உடனே வண்டி பேசிவிட வேண்டாம். 42 இஞ்ச் பிளாஸ்மா சுமார் 250 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை டிவி ஒன்றே தின்றுவிடும். அதே அளவு எல்இடி 70 வாட் என்றால் 25 யூனிட்டில் முடியும். வாடகை வீட்டில், வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார் என்றால் இந்தக் கணக்கு இன்னும் சுடும்.

உயரத்துக்கும் பிளாஸ்மாவுக்கும் ஒரு பகை உண்டு. அறைக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. மலை மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்போது கண்ணாடி இறுக்கம் தளர்ந்து ரீங்காரம் போடும். 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு அது பிரச்சினை. ஓசூர் 900 மீட்டர்தான், இங்கே அந்தக் கவலை வேண்டாம். உண்மையான கவலை உதிரி பாகம். போர்டு போனால் இன்னொரு செத்த டிவியிலிருந்துதான் கழற்றிப் போட வேண்டும். இருட்டில் பழைய படங்களைப் பார்க்க இரண்டாவது டிவியாக, காசில்லாமல் கிடைத்தால் பிளாஸ்மாவை எடுங்கள். வீட்டின் ஒரே டிவியாக வேண்டவே வேண்டாம்.

இனி புது டிவி. ஓஎல்இடி வாங்க வசதி இருக்கிறவர்களிடமும் நான் முதலில் கேட்பது, வீட்டில் நியூஸ் சேனல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று. தமிழ் நியூஸ் சேனல்களின் திரையைப் பாருங்கள்: மூலையில் லோகோ, கீழே சிவப்புப் பட்டை, அதற்கும் கீழே ஓடும் வரி. எழுத்து மாறுமே தவிர பட்டை நகராது. தினம் பல மணி நேரம் அதே இடத்தில் அதே நிறம் எரிந்தால், ஓஎல்இடியில் அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட முன்னதாகத் தேய்ந்து, வேறு படம் ஓடும்போதும் பட்டையின் தடம் நிழலாகத் தெரியத் தொடங்கும். பிளாஸ்மாவைப் பிடித்த அதே நோய். காலையில் பெரியவர்கள் நியூஸ் போட்டு மதியம் வரை அணைக்காத வீட்டுக்கும், டீக்கடைக்கும், கம்பெனி கேன்டீனுக்கும் எல்இடிதான். இரவில் மட்டும் படமும் கிரிக்கெட்டும் பார்க்கிற வீடு, ஹாலில் நல்ல திரைச்சீலை இருக்கிறது, பணமும் இருக்கிறது என்றால் ஓஎல்இடிக்கு ஈடு கிடையாது. பகலும் இரவும் கலந்து ஓடுகிற ஷிஃப்ட் வீட்டுக்கு என் பரிந்துரை மினி எல்இடி. அதன் பின்விளக்கு பல பகுதிகளாகப் பிரிந்து, இருட்டான இடத்தில் மட்டும் மங்கிக்கொள்ளும்.

சாதாரண எல்இடியிலேயே இரண்டு ரக பேனல் உண்டு. விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நிறம் நிற்கும், கறுப்பு கொஞ்சம் சாம்பல். அட்டைப்பெட்டியில் இதைப் பெரும்பாலும் போடுவதில்லை. கடையில் சுவரோரமாக நகர்ந்து நின்று பார்த்தால் தெரிந்துவிடும். நீள ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்காரும் குடும்பத்துக்கு ஐபிஎஸ் நல்லது.

கடையில் ஓடும் டெமோ வீடியோவை நம்பி எடுக்காதீர்கள். பூவும் கடலும் எந்த டிவியிலும் அழகாகத்தான் தெரியும். போதாததற்கு 'விவிட்' மோடில் வைத்திருப்பார்கள். மோடை 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்ட்' ஆக்கச் சொல்லி, 'கைதி' படத்தைப் போடச் சொல்லுங்கள். முழுக்க இரவில் நடக்கிற கதை. லாரியைச் சுற்றியுள்ள இருட்டில் மரமும் ஆளும் தனித்தனியாகத் தெரிகிறார்களா, எல்லாம் ஒரே சாம்பல் மூட்டமாகிவிட்டதா என்று பாருங்கள். பிறகு ஏதாவது ஒரு கிரிக்கெட் ஓவர், பந்துக்கு வால் முளைக்கிறதா என்பதற்கு.

அளவு விஷயத்தில் சுருக்கமாக: ஐந்தாறு அடி தூரத்தில் உட்கார்ந்தால் 43 இஞ்ச், ஏழெட்டு அடி என்றால் 55. ஆனால் வீட்டில் இருப்பது சாதாரண எஸ்டி கேபிள் பாக்ஸ் என்றால், 55 இஞ்ச் ஃபோர்கே திரையில் சீரியல் முகங்கள் கலங்கித்தான் தெரியும். டிவியோடு எச்டி பாக்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

பெங்களூரில் வாங்கினால் மலிவு என்ற நம்பிக்கை இங்கே இன்னும் இருக்கிறது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் வரியில் இரு மாநிலங்களுக்கும் வித்தியாசமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, இரண்டு பக்கமும்தான். கடையின் தள்ளுபடியில் வித்தியாசம் இருக்கலாம். அதற்காகப் போகிறவர்கள், ஓசூர் பின்கோடுக்கு இன்ஸ்டாலேஷனும் சர்வீஸும் உண்டா என்று கம்பெனி எண்ணில் கேட்டுவிட்டுப் போங்கள். காரின் பின்சீட்டில் டிவியைப் படுக்கவைத்துக் கொண்டுவருவது பேனலை உடைக்க எளிய வழி. நிமிர்த்தி நிறுத்தித்தான் எடுத்து வர வேண்டும், பெட்டியை வீட்டில் டெக்னீஷியன் முன்னால்தான் பிரிக்க வேண்டும்.

கோடை மழையின் இடி இங்கே சித்திரை, வைகாசியில் பலமாக இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. மின்னலின் அடி கேபிள் வயர் வழியாகவும் வரும், எச்டிஎம்ஐ வயரையும் கழற்றுங்கள். வாரன்டி முடிந்த எல்இடியில் சத்தம் வந்து படம் வராமல் போனால் பேனல் போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அறையை இருட்டாக்கி, திரையை ஒட்டி டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவங்கள் அசைந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது. போனது பின்விளக்கின் எல்இடி பட்டைதான். அதை நம் ஊர் மெக்கானிக்கே மாற்றித் தந்துவிடுவார், புது டிவி விலையில் சிறு பங்குதான் ஆகும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது, பேனல் போனால் பேனலையேதான் மாற்ற வேண்டும். அதை எடுக்கிறவர்கள் வாரன்டி தாள் எழுதும்போதே, பேனலுக்கு எத்தனை வருடம் என்று தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.