பூசணியில் தொடங்குங்கள்

செப்டம்பர் பாதியிலேயே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "அக்கா, இந்த ஹாலோவீனுக்குக் குரோஷாவுல ஏதாவது போடணும். எதுல ஆரம்பிக்கலாம்?" நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மதியம் கூடும் பின்னல் குழுவில் பாதிப் பேர் தமிழ்ப் பெண்கள். வௌவால், கறுப்புப் பூனை, சூனியக்காரி தொப்பி என்று ஆளுக்கொரு படத்தைக் கைபேசியில் நீட்டுவார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். பூசணி போடுங்கள், உள்ளங்கையில் அடங்குகிற குட்டிப் பூசணி.

அதற்குக் காரணம் இருக்கிறது. பூனையின் தலை, பேயின் உச்சி, வௌவாலின் உடம்பு எல்லாமே அடிப்படையில் ஓர் உருண்டைதான். பூசணியும் உருண்டைதான், ஆனால் அதற்குக் கை கால் தைத்துச் சேர்க்க வேண்டாம். கண்ணும் மூக்கும் சரியான இடத்தில் வந்தனவா என்ற கவலையும் இல்லை. ஒரு பக்கம் சப்பி, ஒரு பக்கம் புடைத்து வந்தாலும் அது பூசணியாகவே இருக்கும். அக்டோபரில் இங்குள்ள பண்ணைகளுக்குக் குழந்தைகளை அழைத்துப் போனவர்களுக்குத் தெரியும், வயலில் கிடக்கும் பூசணிகளில் இரண்டு ஒரே மாதிரி இருக்காது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அக்டோபர் 31 இரவுக்கு டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்துக்கொண்டிருந்தவர்கள் அமெரிக்காவுக்கு வந்தபோது, குடைய வசதியான பெரிய பூசணி கையில் கிடைத்தது. அன்றிலிருந்து இந்தப் பண்டிகைக்கு அதுதான் அடையாளம். ஆரஞ்சு நிறத்தில் ஒன்று போட்டு ஜன்னலில் வைத்தால் போதும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நூலுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். சாதாரண அக்ரிலிக் உல்லன் போதும், லேபிளில் 4 என்று எண் போட்டிருக்கும் நடுத்தரக் கனம். அதே லேபிளில் 5 மி.மீ. ஊசி என்று எழுதியிருப்பார்கள். அந்த அளவு ஸ்வெட்டருக்கும் போர்வைக்கும் சரி. பஞ்சடைக்கிற பொம்மைக்கு 3.5 மி.மீ. எடுங்கள், கை தளர்வாகப் போடுகிறவர்கள் 3 மி.மீ. வரைகூட இறங்கலாம். நாலைந்து சுற்று போட்டதும் ஜன்னலுக்கு நேரே பிடித்து விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். கண்ணிகளுக்கு நடுவே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால், பிறகு அந்த வழியாகத்தான் வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும். பிரித்துவிட்டு ஊசியை ஓர் அளவு குறையுங்கள். பருத்தி நூலில் கண்ணி பளிச்சென்று விழும், ஆனால் அது கொஞ்சமும் நெகிழாது, புதியவர்களுக்கு விரல் வலிக்கும். இப்போது எல்லோரும் ஆசைப்படுகிற புசுபுசு வெல்வெட் நூலில் கண்ணி கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

இடது கையில் நூலைப் பிடிக்கும் பிடி எல்லாச் சுற்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மல்லிகைப்பூ கட்டத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். பூவும் நசுங்காமல் முடிச்சும் நழுவாமல் இழுக்கிற அதே இழுப்புதான்.

அளவு சொல்கிறேன். மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள் குரோஷா. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டு 12. மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்று கூட்டி 18. அப்படியே ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு ஆறாகக் கூட்டி 24, 30, 36. பிறகு கூட்டாமல் குறைக்காமல் ஆறு சுற்று. அதற்குப் பின் வந்த வழியே 30, 24, 18, 12, 6 என்று இறங்க வேண்டும். முடிவில் பூசணி ஏறத்தாழ 6 செ.மீ. அகலம் வரும். ஊரில் பிரிட்டிஷ் முறைப் புத்தகம் பார்த்துக் கற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே டபுள் குரோஷா என்று இருப்பதைத்தான் அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் என்பார்கள். இது தெரியாமல் போட்டால் கண்ணியின் உயரமே மாறி, உருண்டை சரியாக வராது.

ஜப்பானில் அமிகுருமி என்று பெயர்பெற்ற இந்தப் பொம்மைப் பின்னலில் சுற்றை மூடிச் சேர்ப்பதில்லை, சுருளாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால் ஒரு சுற்று எங்கே தொடங்கியது என்பது கண்ணுக்குத் தெரியாது. சுற்றின் முதல் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டி, சுற்று முடிய முடிய அதை மேலே ஏற்றிக்கொண்டே வாருங்கள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே போடலாம் என்பவர்கள் நேராகப் போகும் அந்த ஆறு சுற்றில் பார்க்கட்டும். கூட்டுகிற சுற்றிலும் குறைக்கிற சுற்றிலும் வாய்விட்டு எண்ணத்தான் வேண்டும்.

குழுவில் அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி, "அக்கா, என்னுது மட்டும் ஏன் சொரசொரன்னு இருக்கு?" வாங்கிப் பார்த்தால் உள்பக்கம் வெளியே இருக்கும். வலது கைக்காரர்கள் போடும்போது வேலை கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நகர வேண்டும், ஊசி வெளியிலிருந்து உள்ளே நுழைய வேண்டும். வெளிப்பக்கம் குட்டிக் குட்டி அம்புமுனைகளாகத் தெரிந்தால் சரி, குறுக்குக் கோடுகள் தெரிந்தால் அது உள்பக்கம். மூன்றாவது சுற்றிலேயே கவனித்தால் ஒரு புரட்டலில் சரியாகிவிடும்.

குறைக்கும்போது இரண்டு கண்ணிகளை முழுசாகக் கோத்து இழுத்தால் அந்த இடம் முண்டாக நிற்கும், பக்கத்தில் ஓட்டையும் விழும். அதற்குப் பதிலாக முதல் கண்ணியின் முன் இழையில் மட்டும் ஊசியை விடுங்கள். நூலை எடுக்காமல் அடுத்த கண்ணியின் முன் இழையிலும் விடுங்கள். இப்போது நூலை எடுத்து அந்த இரண்டு இழைகள் வழியாக இழுத்து, வழக்கம்போல முடியுங்கள். எந்த இடத்தில் குறைத்தோம் என்று நமக்கே தேட வேண்டியிருக்கும். பூசணியின் அடிப்பாகம் யார் கண்ணிலும் படாது என்று சிலர் இதை விட்டுவிடுகிறார்கள். நாளைக்குப் பூனை முகம் போடும்போது இதே கைதான் வரும், இப்போதே பழக்குங்கள்.

18 கண்ணிக்கு இறங்கியதும் பஞ்சடைக்க வேண்டும். ஃபைபர் பஞ்சை உருட்டி உள்ளே தள்ளாதீர்கள். உருட்டினது உருண்டையாகவே உள்ளே கிடக்கும், வெளியிலிருந்து கட்டி கட்டியாகத் தெரியும். கொஞ்சமாகப் பிய்த்து, விரல்களால் உதிர்த்து, காற்றுப் புகுந்து பொங்கின பிறகு உள்ளே விடுங்கள். முதலில் சுவரோரம் சுற்றிலும் வைத்து, அப்புறம் நடுவை நிரப்புங்கள். விரல் போகாத இடத்துக்குப் பென்சிலின் மழுங்கின முனை போதும். நறுக்கின நூல் துண்டுகளை அடைத்துவிடலாமே என்று கேட்பார்கள். அவை கெட்டியாகப் போய்ப் படுத்துக்கொள்ளும், வேறு நிறமாக இருந்தால் வெளியேயும் தெரியும். வேண்டாம். கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் குழி மெதுவாக எழுந்து வர வேண்டும், பூசணிக்கு அந்த அளவு போதும். கல் மாதிரி அடைத்துவிட்டால் அடுத்த வேலைக்கு இடம் இருக்காது.

அந்த அடுத்த வேலையில்தான் ஆரஞ்சு உருண்டை பூசணியாகிறது. கடைசி 6 கண்ணியை மூடும்போது நூலை ஒன்றேகால் மீட்டர் விட்டு வெட்டுங்கள். அதை நீளமான ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள், பொம்மை தைக்கிற ஊசி இல்லையென்றால் மெல்லிய கோணி ஊசி. அடி மையத்திலிருந்து மேல் மையத்துக்கு நேராக ஏற்றுங்கள். நூலை வெளிப்பக்கமாகக் கீழே கொண்டுவந்து, மறுபடி அடி மையத்தில் குத்தி மேலே ஏற்றி இழுங்கள். ஒரு பள்ளம் விழும். இப்படி ஆறு முறை. எந்த இடத்தில் நூலை இறக்குவது என்று தடுமாற வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கண்ணி கூட்டியதால் உச்சியில் ஆறு கோடுகள் லேசாக எழும்பித் தெரியும். மற்ற பொம்மைகளில் உருண்டை ஆறு மூலையாகத் தெரியக் கூடாதென்று கூட்டும் இடத்தை மாற்றி மாற்றிப் போடுவோம். பூசணிக்கு அந்த மூலைகள்தான் வழிகாட்டி, அந்தக் கோடுகளின் மேலேயே நூலை இறக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் அக்ரிலிக் அறுந்துவிடும். ஒரு கையால் பூசணியை மேலும் கீழும் அமுக்கிக்கொண்டு, மறு கையால் நிதானமாக இழுத்தால் பள்ளம் ஆழமாகவும் விழும், பூசணியும் அகலமாக உட்காரும்.

காம்புக்குப் பழுப்பு நூலில் 6 கண்ணி வளையம் போட்டு, அடுத்த சுற்றைப் பின் இழையில் மட்டும் போட்டால் முனை தட்டையாகும். மேலும் மூன்று சுற்று நேராகப் போட்டு, கடைசியில் 12 ஆக்கினால் அடி விரிந்து பூசணியின் மேல் ஒட்டி உட்காரும். கொடிச் சுருளுக்குப் பச்சை நூலில் 20 சங்கிலி போட்டு, திரும்பி வரும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு சிங்கிள் போடுங்கள், தானாகவே சுருண்டுகொள்ளும்.

பூசணி வந்துவிட்டால் பேய் சுலபம். அதே 36 வரை கூட்டி, உயரத்துக்கு நேராகப் போட்டு, கடைசியில் ஒரு கண்ணியில் ஐந்து டபுள் போட்டால் துணி மடிப்புபோல விளிம்பு நெளியும். கறுப்புப் பூனைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கறுப்பு நூலைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் போடுங்கள், மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். இரவு விளக்கில் போட்டால் கண்ணும் வலிக்கும், எண்ணிக்கையும் தப்பும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பிளாஸ்டிக் கண் வைக்காதீர்கள், கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். பின்பக்கம் மூடி போட்டு இறுக்கினாலும், பின்னல் தளர்வாக இருந்தால் கண் மூடியோடு கழன்று வரும். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மையில் விழுங்கக்கூடிய சிறு பாகம் இருக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் சட்டமே. அக்ரிலிக் சூட்டில் உருகும், எரியும் மெழுகுவர்த்தி பக்கத்தில் வைக்கக் கூடாது. பேட்டரி விளக்கு போதும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, "கடைல மூணு டாலருக்குக் கிடைக்குதே" என்று ஒருவராவது சொல்வார்கள். குரோஷாவை அப்படியே போடுகிற தொழிற்சாலை இயந்திரம் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. கடையில் தொங்கும் அந்தக் குரோஷா பொம்மையையும் எங்கோ ஒருவர் உட்கார்ந்து கண்ணி எண்ணித்தான் போட்டிருக்கிறார். அவருக்கு அதில் என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு வாங்கக் கை வருவதில்லை.

ஆரஞ்சுப் பூசணி முடிந்ததும் மயில்கழுத்து நிறத்தில் இன்னொன்று போடுங்கள் என்று குழுவில் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வேன். அந்த நிறப் பூசணி வாசலில் இருந்தால், அந்த வீட்டில் மிட்டாய் தவிர வேறு பரிசும் உண்டு என்று அர்த்தம். நிலக்கடலை, பால், முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் அங்கே பயமில்லாமல் கதவைத் தட்டலாம். ஃபுட் அலர்ஜி ரிசர்ச் அண்ட் எஜுகேஷன் என்ற அமைப்பு 2014-இல் இதை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. எங்கள் தெருவிலும் அப்படி ஒரு பையன் இருக்கிறான். பை நிறைய வாங்கிவந்து, வீட்டில் அம்மா ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவன். என் வாசலில் ஸ்டிக்கர், பென்சில், ஒளிரும் வளையல் என்று அவன் எதையும் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

முறை அதேதான், நூலின் நிறம் மட்டும் வேறு. மழை படாத இடமாகப் பார்த்து, பிள்ளைகளின் கண் உயரத்தில் தொங்கவிடுங்கள். சிறிய பரிசுகளை மிட்டாயோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். இந்த அக்டோபரில் உங்கள் வாசலிலும் ஒன்று இருக்கட்டும்.