சுவரில் இருந்த கரிக்கோடு

அன்புள்ள மலர்க்கண்ணு,

போன வாரம் நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. முதல் வருஷச் சேமிப்பில் நம்ம நெய்வேலி மின் கம்பெனி என்.எல்.சி.யின் பங்கு வாங்கப் போகிறாயாமே! "கரண்ட் இல்லாம யாரால இருக்க முடியும் பெரியம்மா? இதுல நஷ்டம் எப்படி வரும்?" என்றாய். நெய்வேலிப் புகைபோக்கியைப் பார்த்தபடி வளர்ந்த பெண், ஊர்ப்பாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் தங்கம், சரக்கை வாங்க ஆள் இருப்பது வேறு, காசு கைக்கு வருவது வேறு.

உன் ஆயா எருமை வைத்திருந்தாள். தெருமுனை டீக்கடைக்குத்தான் பால். ஊற்றின ஒவ்வொரு படிக்கும் அடுப்படிச் சுவரில் ஒரு கரிக்கோடு. மாசக் கடைசியில் எண்ணினால் நல்ல வருமானம்தான். கடைக்காரரோ, "அடுத்த மாசம் சேத்துத் தர்றேன்" என்பார். புண்ணாக்குக் கடையில் அந்தப் பேச்சு செல்லாது. கறக்காமலும் இருக்க முடியாது, மடி வீங்கிவிடும். சுவர் நிறையக் கோடு இருக்க, காதுத்தோட்டை அடகு வைத்துத்தான் ஆயா எருமைக்குத் தீனி போட்டாள்.

மின் உற்பத்திக் கம்பெனிகளின் பாடும் இதுதான். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அரசு மின்வாரியங்கள். 2022 ஜூனில் மத்திய அரசு தாமதக் கட்டண விதிகளைக் கொண்டுவந்தபோது நின்ற பழைய பாக்கி ஏறத்தாழ 1.38 லட்சம் கோடி ரூபாய். அதைக் கட்டி முடிக்க 48 மாதம் வரை தவணை கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி, விற்பனை என்று அதற்கு முன்பே கணக்கில் எழுதிவிட்ட பணம்.

அதனால் நிகர லாபத்தைப் பார்த்ததும் துள்ளாதே. சினிமாவுக்குப் போகும் முன்பே முடிவைக் கேட்கிறவள் நீ, ஆண்டறிக்கையையும் பின்னாலிருந்து பிரி. பணப்புழக்க அறிக்கையில் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் எவ்வளவு என்று பார். லாபம் ஏறி ரொக்கம் இறங்கினால் வரவேண்டிய பாக்கியைத் தேடு. அதை ஒரு நாள் விற்பனையால் வகுத்தால் எத்தனை நாள் காசு வெளியே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு வருஷம் மட்டும் பார்த்து ஏமாறாதே. பழைய பாக்கி வசூலான வருஷத்தில் ரொக்கம் பொங்கி நிற்கும், அது வருஷா வருஷம் வராது. ஐந்து வருஷத்துக்கு நோட்டில் கையால் எழுது. செல்போனில் பார்த்தது மனசில் தங்காது.

கடனைக் கண்டு பதறவும் வேண்டாம். மின்நிலையத்துக்கு 70 பங்கு கடன், 30 பங்கு சொந்த முதல் என்றுதான் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையமே கணக்குப் போடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் அனல் நிலையங்களில் அந்தச் சொந்த முதலுக்கு வரி போக 15.5 சதவீத வருவாய் அனுமதி. ஆகவே லாபம் திடீரென்று இரட்டிப்பாகும் என்று எவராவது சொன்னால் நம்பாதே. கடன் விஷயத்தில், கட்டவேண்டிய வட்டியைப் போல எத்தனை மடங்கு கம்பெனி சம்பாதிக்கிறது என்பதுதான் கேள்வி.

எரிபொருள் விலை யார் தலையில் விழுகிறது என்றும் கேள். டாடா பவர் முந்திரா நிலையத்தை யூனிட் 2.26 ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. பிறகு, அதற்கு நிலக்கரி வரும் நாடான இந்தோனேசியா விலை விதியை மாற்றியது. அந்த ஏற்றத்துக்கு நிவாரணம் இல்லை என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்.எல்.சி.க்குச் சொந்தச் சுரங்கம் உண்டு, அது பெரிய பலம். ஆனால் சுரங்கம் நிலம் கேட்கும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெல் நின்ற வயலில் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்டியபோது எழுந்த போராட்டம் உனக்கே தெரியும். அந்த நிலத்துச் சனங்களையும் நினைத்துக்கொண்டு முடிவெடு கண்ணு.

வாங்காதே என்று நான் சொல்லவில்லை. அந்த ஐந்து வருஷக் கணக்கை எழுதி எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டுப் பேசுவோம். ஆயாவின் டீக்கடைப் பாக்கி கடைசிவரை வரவே இல்லை.

உன் பெரியம்மா